மாமாவின் இடது கிட்னிக்கு மூன்று வழிகள்

ஆவடியில் ஒரு ஸ்கேன் சென்டர். உயரமான கட்டிலில் சட்டையை மார்புவரை சுருட்டிவிட்டுக்கொண்டு, வயிறெல்லாம் குளிர்ந்த பசையோடு படுத்திருக்கிறார் என் மாமனார். அவருடைய கண்ணாடியையும் கைக்கடிகாரத்தையும் பிடித்துக்கொண்டு நான் சுவரோரம் நிற்கிறேன். ஸ்கேன் எடுக்கிற டாக்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இடது கிட்னியில கல் இருக்கு, பதினாலு மில்லிமீட்டர்" என்று தட்டச்சு செய்யும் பெண்ணிடம் சொன்னார். வேறு யாராக இருந்தாலும் ஆபரேஷன் பண்ண வேண்டுமா என்று பதறியிருப்பார்கள். மாமா தலையை மட்டும் தூக்கி, "இந்த மிஷினுக்குக் கடைசியா எப்ப சார் கேலிபரேஷன் பண்ணீங்க" என்று கேட்டார். டாக்டருக்குப் புரியவில்லை. "மிஷினு கரெக்டா அளக்குதானு செக் பண்ணி ஒரு சர்டிபிகேட்டு தருவாங்களே, அத்தச் சொல்றேன்" என்று மாமா விளக்கினார். டாக்டர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

மாமா வெள்ளானூர்க்காரர். அவருடைய அப்பா காலம்வரை நெல் போட்ட குடும்பம். நிலம் மனைகளாகப் போன பிறகு மிஞ்சிய கொஞ்சத்தில் வீட்டைக் கட்டிக்கொண்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். கடைசிப் பதினைந்து வருஷம் தரம் பார்க்கும் பிரிவுக்கு அவர்தான் தலைமை. லேத்திலிருந்து இறங்குகிற ஒவ்வொரு உருப்படியையும் அளந்து, வரைபடத்தில் உள்ள அளவோடு ஒத்துப்போனால்தான் கையெழுத்துப் போடுவார். வேலையை விட்டு வந்த பிறகும் அந்தக் கை ஓயவில்லை. வீட்டுக்கு வந்த பீரோ, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிய கதவு, அத்தை இட்லித் தட்டுக்கு வாங்கிய மூடி, எல்லாம் அளவுக்கு உட்பட்டவை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது மற்றவர்கள் சமைக்கத் தெரியுமா என்று விசாரித்துக்கொண்டிருக்க, இவர் என் வேலை என்ன என்று கேட்டார். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்புக் கண்டுபிடிப்பது என்றேன். "அப்ப நீயும் இன்ஸ்பெக்‌ஷன்தான்" என்று சொல்லிவிட்டுக் கேசரியைச் சாப்பிட ஆரம்பித்தார். எங்கள் கல்யாணம் அந்த நிமிஷத்தில் முடிவானது என்று என் கணவர் இன்றும் சொல்லுவார்.

கல் வெளிப்பட்ட விதமும் அவருக்குப் பொருத்தமாகவே இருந்தது. எங்கள் தெருவில் ஒரு புது வீடு எழும்பிக்கொண்டிருந்தது. காலை நடை போகும் வழியில் அங்கே நின்று, கொத்தனாரிடம் தூக்குக்குண்டை வாங்கி, சுவர் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது இவருக்கு வழக்கம். யாரும் கேட்டுக்கொண்டதில்லை. அன்றைக்கு நூலைப் பிடித்தபடி நின்றவர் திடீரென்று இடுப்பை அழுத்திக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். கொத்தனார் ஓடி வந்து, "சுவரு அவ்ளோ கோணலாவா கீது நைனா" என்று கேட்டாராம். வலியில் வியர்த்து ஊற்றும்போதும் மாமா, "சுவரு நேராத்தான் கீது, நாந்தான் சாயறேன்" என்று பதில் சொல்லியிருக்கிறார்.

என் கணவருக்கு பெங்களூரில் வேலை. சனிக்கிழமைதான் வருவார். அதனால் மாமாவை என் ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அழைத்துப்போனது நான்தான். கடைசியில் அம்பத்தூரில் ஒரு சிறுநீரக டாக்டரிடம் போய்ச் சேர்ந்தோம். முப்பத்தைந்து வயதுகூட இருக்காத பெண். வேகமாகப் பேசினாலும் கேட்பவருக்குப் புரிந்ததா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார். கிட்னியிலிருந்து சிறுநீர் வெளியே வரும் வாயில் கல் போய் உட்கார்ந்திருக்கிறது, அதனால் கிட்னி கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். எடுக்க மூன்று வழி இருப்பதாகச் சொன்னார். வெளியிலிருந்தே அதிர்வலை அனுப்பிக் கல்லை உடைப்பது ஒன்று. சிறுநீர் வருகிற பாதையிலேயே மெல்லிய கருவியை மேலே ஏற்றி, லேசரால் கல்லைப் பொடியாக்குவது இன்னொன்று. முதுகில் சின்னத் துளை போட்டு நேராக உள்ளே போய்க் கல்லை வெளியே எடுப்பது மூன்றாவது. எதுவானாலும் ரொம்ப நாள் தள்ளிப்போடக் கூடாது, வீக்கம் அதிகமானால் அந்தக் கிட்னியே வேலை செய்யாமல் போய்விடும் என்று கடைசியில் நிறுத்திச் சொன்னார். மாமா அந்தப் படத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "நான் கொஞ்சம் ஸ்டடி பண்ணிட்டு வரேன் மேடம்" என்றார்.

வழியில் டீக்கடையில் நிறுத்தச் சொல்லி எனக்கு அதைத் தன் பாஷையில் புரியவைத்தார். இரும்பில் துளைக்குள் மரை போடும்போது சில சமயம் டேப் என்கிற அந்தக் கருவி உடைந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளுமாம். வெளியிலிருந்து தட்டித் தட்டி உதிர்க்கப் பார்க்கலாம். வந்த துளை வழியாகவே மெதுவாகப் போய்ப் பொடியாக்கலாம். இல்லையென்றால் பின்பக்கம் வேறு துளை போட்டுத் தள்ளலாம். "மூணுமே கரெக்டுதாம்மா. எதுல ஜாப் கெடாம வரும்னு பாக்கணும், அவ்ளோதான்" என்றார். ஜாப் என்றால் வேலை நடக்கிற உருப்படி; இங்கே அந்த உருப்படி இவருடைய உடம்பு என்பதை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஸ்டடி ஆரம்பித்தது. நான் ராத்திரி பகலாக இணையத்தில் படித்துக் குழம்பிக்கொண்டிருந்தேன். மாமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. வேலை முடிந்த உருப்படியை நேரில் பார்க்க வேண்டும் என்றார். ஒவ்வொரு வழியிலும் கல் எடுத்துக்கொண்ட ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு போட்டு, "வெளியிலிருந்து", "வந்த வழியில்", "புதுத் துளை" என்று மூன்று தலைப்பு எழுதி நாலாக மடித்து வைத்துக்கொண்டார். அத்தைதான் பொறுக்க மாட்டாமல் சொன்னார். "என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப அரை மணி நேரத்துல சரின்னு சொல்லிட்டுப் போன மனுசன். ஒரு கல்லுக்கு ஊர் ஊரா சுத்துறாரு பாரு."

அதிர்வலைக்குப் பட்டாபிராமில் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர். ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடு. ரயில் வருகிறபோதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடர்வார். மேஜையில் படுக்கவைத்து முதுகில் டக் டக்கென்று தட்டினார்கள், மத்தியானமே வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிட்டேன் என்றார். கத்தி இல்லை, காயம் இல்லை. மாமாவின் முகம் மலர்ந்தது. அப்புறம்தான் விஷயம் வந்தது. கல் கெட்டி, ஒரு தடவையில் உடையவில்லை. மூன்று தடவை போக வேண்டியிருந்தது. உடைந்த துண்டுகள் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக வந்தன. டாக்டர் பிடித்துவைக்கச் சொன்னதால் டீ வடிகட்டியை எடுத்துக்கொண்டு பாத்ரூம் போனாராம். உள்ளேயிருந்து அவர் மனைவி, "அன்னிக்கிலேர்ந்து இந்த ஊட்ல டீ கிடையாது, காபிதான்" என்றார். காபி தந்தார். மாமா அதைக் குடிக்குமுன் டம்ளருக்குள் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

வந்த வழியிலேயே லேசர் வைத்துக்கொண்டவர் காட்டுப்பாக்கத்தில் ஓர் அடுக்ககத்தில் இருந்த டீச்சர். என் தோழியின் அக்கா. அங்கே மாமாவுக்குச் சங்கடம் வந்துவிட்டது. ஒரு பெண்ணிடம் இதையெல்லாம் எப்படிக் கேட்பது? காலண்டர் தாளை என் கையில் திணித்துவிட்டு பால்கனிக்குப் போய், பூந்தமல்லி சாலையில் போகிற பஸ்களை எண்ணுகிற பாவனையில் நின்றுகொண்டார். நான் கேட்க, டீச்சர் சொல்ல, நான் எழுத வேண்டும். ஆனால் பால்கனியிலிருந்து, முகத்தைத் திருப்பாமலே, "எத்தினி நாள் லீவு போட்டாங்கனு கேளும்மா" என்று சத்தம் வரும். டீச்சரும் என்னைப் பார்க்காமல் பால்கனியைப் பார்த்துச் சத்தமாகப் பதில் சொல்வார். காயமே இல்லை, மறுநாளே வீடு. ஆனால் உள்ளே ஒரு மெல்லிய டியூப் வைத்து அனுப்பியிருந்தார்கள். அது இருந்த நாளெல்லாம் வகுப்பில் கரும்பலகைக்கும் கழிவறைக்கும் நடந்தே கால் தேய்ந்துவிட்டது என்றார். "அந்த டியூப்ப எடுத்த அன்னிக்கு எங்க வீட்டுல பாயசம் வச்சோம் சார்" என்று அவர் பால்கனிக்குக் குரல் கொடுத்தார். "குறிச்சுக்கோம்மா" என்று அங்கிருந்து உத்தரவு வந்தது. பாயசத்தைக் குறிப்பதா டியூபைக் குறிப்பதா என்று தெரியாமல் நான் இரண்டையும் எழுதினேன்.

முதுகில் துளை போட்டுக்கொண்டவர் மாமாவோடு அதே கம்பெனியில் லேத் ஓட்டியவர். ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். மாமாவைக் கண்டதும், "இன்னா அண்ணாத்தே, உனக்கும் கல்லா, வா வா, நம்ம ஜமாவுல சேந்துக்க" என்று வரவேற்றார். கேள்வி வருவதற்குள்ளேயே அத்தனை பேர் நடுவில் சட்டையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். மாமா சட்டைப் பையிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அந்தத் தழும்பை அளந்தார். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் வடையை மறந்து பார்த்தார்கள். "ஒரே அடி அண்ணாத்தே. மொத்தக் கல்லும் வெளிய. ரத்தம் கொஞ்சம் போச்சு, மூணு நாளு டியூபு மாட்டிகினு படுத்துங்கெடந்தேன். ஆனா கிளீன்" என்றார் லேத்துக்காரர். டீ கிளாசைப் பிடித்த அவருடைய வலது கையில் ஆட்காட்டி விரல் பாதிதான் இருந்தது.

திரும்பி வரும்போது செக்போஸ்ட் சிக்னலில் வண்டி நின்றது. பின்னாலிருந்து மாமா தானாகவே பேசினார். "அவன் வெரல் போன அன்னிக்கு, காலைலயே நான் சொன்னேம்மா. மிஷின்ல சத்தம் வேற மாதிரி வருது, நிறுத்துங்கடானு. லோடு போகணும், இத்த முடிச்சிட்டு நிறுத்திக்கலாம்னு ஓட்டிகினே இருந்தாங்க. அவனும் சரின்னு ஓட்டிகினு கீறான். ஒருத்தனும் நிறுத்தல." பச்சை விழுந்தது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். எனக்கு மேலே கேட்கத் தோன்றவில்லை. காலண்டர் தாளின் வேலை முடிந்துவிட்டது, இனி ஏதாவது ஒன்றைத் தேர்ந்துவிடுவார் என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அங்கேதான் நான் ஏமாந்தேன். மனிதர்களைப் பார்த்து முடித்தவர் அளவுக்குத் திரும்பினார். ஒரே ஒரு அளவை நம்பி எந்த வேலையும் செய்யக் கூடாது என்று இன்னொரு ஸ்கேன் எடுத்தார். அதில் பதினேழு என்று வந்தது. டாக்டர் சொல்லி எடுத்த சிடி ஸ்கேனில் பதினைந்தரை. மூன்று ரிப்போர்ட்டையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்துவிட்டு, "ஒருத்தன் பதினாலுங்கறான், ஒருத்தன் பதினேழுங்கறான். மூணு மில்லி வித்தியாசம்னா அது அளவாம்மா, ஜோசியமா" என்று கேட்டார். அளவு தெரியாத கல்லை எடுக்க எப்படி ஒப்புக்கொள்வது என்பது அவர் கட்சி. கல் என்ன, லேத்திலிருந்து இறங்கிய பித்தளையா? நான் அழகாகச் சொன்னேன், அதட்டிச் சொன்னேன், கணவரை விட்டு வீடியோவில் கத்தச் சொன்னேன். அத்தை வாழைத்தண்டுச் சாறும் பார்லித் தண்ணீரும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஐந்து வாரம் ஓடிவிட்டது. இதற்குள் இரண்டு தடவை வலி வந்து ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். ஐந்தாம் வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, கிட்னியின் வேலை குறைய ஆரம்பித்திருக்கிறது, இந்த வாரம் விட்டால் அதற்கு என்னால் உத்தரவாதம் தர முடியாது என்றார். பயந்தேன், பயத்தைவிட அவர்மேல் கோபம்தான் அதிகமாக வந்தது. அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஒருவழியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கல் கெட்டியாக இருப்பதால் அதிர்வலை வேண்டாம், வந்த வழியிலேயே போய் லேசர் வைப்பது இவருக்கு ஏற்றது என்று டாக்டர் முடிவு செய்திருந்தார். ஆபரேஷனுக்கு முன் நர்ஸ் சம்மதப் படிவத்தை நீட்டினார். மாமா கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார். கல்லின் அளவு பதினைந்தரை என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இது கன்பர்ம் ஆவல" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அழுகை வந்தது. நாற்பது வருஷம் அளவு பொருந்தாத எதற்கும் கையெழுத்துப் போடாத மனிதர், இப்போது தன் கிட்னியையே அந்த வரிசையில் நிறுத்திவிட்டார். தியேட்டரில் எல்லாம் தயார். டாக்டரே இறங்கி வந்தார்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, முதல் இரண்டும் சாதாரண ஸ்கேன், அதில் கல் கூடக்குறையத் தெரியும், சிடி சொல்வதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றார். மாமா மற்ற இரண்டு எண்களையும் கணக்கிலிருந்து தள்ளிவிட்டார். கருவி எவ்வளவு தடிமன், தண்ணீர் எந்த வேகத்தில் போகும், வெளிச்சம் எங்கிருந்து வரும் என்று ஒரு தாளில் பட்டியலே வைத்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது. கடைசியில் தாளை மடித்து வைத்துவிட்டு, "மேடம், உள்ள போனப்புறம், இந்தப் படத்துல கீற மாதிரி அங்க இல்லனா இன்னா செய்வீங்க" என்று கேட்டார். அது தாளில் இல்லாத கேள்வி. "நிறுத்திடுவேன் ஐயா. ஒரு டியூப மட்டும் வச்சுட்டு வெளிய வந்துடுவேன். உள்ள போயிட்டோமேன்னு முட்டி மோத மாட்டேன். இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்றார் டாக்டர். மாமா படிவத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் பேனா கேட்டார்.

ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். முக்கால் மணியில் டாக்டர் வெளியே வந்துவிட்டார். சீக்கிரம் முடிந்துவிட்டது என்று நானும் என் கணவரும் எழுந்து நின்று சிரித்தோம். சிறுநீர்க் குழாய் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறுகல், கருவி ஏறவில்லை, பலவந்தப்படுத்தினால் கிழிந்துவிடும், அதனால் டியூப் மட்டும் வைத்துவிட்டு நிறுத்திவிட்டேன் என்றார். டியூப் வழியாகச் சிறுநீர் இறங்கிவிடும், கிட்னிக்கு இனி ஆபத்தில்லை, இரண்டு வாரத்தில் குழாய் தளர்ந்துவிடும், அப்போது திரும்பச் செய்யலாம் என்று விளக்கினார். எனக்கு அவர் முடியவில்லை என்று சொன்னது மட்டும்தான் காதில் விழுந்தது. அந்த வராந்தாவில், அத்தனை பேர் முன்னால், ஐந்து வாரம் ஊர் சுற்றிப் பட்டபாடு எல்லாவற்றையும் அந்தப் பெண்மேல் கொட்டினேன். மயக்கம் கொடுத்துப் படுக்கவைத்து ஒன்றும் செய்யாமல் திருப்பி அனுப்புகிறீர்களே, தெரியாவிட்டால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியதுதானே என்றேன். டாக்டர் போன பிறகு வேறோர் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, முதுகில் துளை போடுகிற ஆபரேஷனுக்கு எப்போது சேர்க்கலாம் என்று விசாரித்தேன். அன்றைக்கு என் கையில் ஒரு காலண்டர் தாள் இல்லாத குறைதான்.

மாமாவிடம் இதை எப்படிச் சொல்வது என்று நாங்கள் மூவரும் வார்டு வாசலில் கூடிப் பேசிக்கொண்டிருந்தோம். அத்தை, எல்லாம் முடிந்துவிட்டது என்று இன்றைக்குச் சொல்லிவைப்போம் என்றார். அதற்குள் சாயங்கால ரவுண்டுக்கு டாக்டர் வந்துவிட்டார். என்னைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி நேராகக் கட்டிலுக்குப் போய், "ஐயா, கல்ல எடுக்க முடியல. குழாய் ரொம்பக் குறுகலா இருந்துச்சு. நிறுத்திட்டேன்" என்றார். மாமாவுக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்திருக்கவில்லை. "நிறுத்திட்டீங்களா" என்று கேட்டார். ஆமாம் என்றார் டாக்டர். "உள்ள போனப்புறமா நிறுத்துனீங்க?" அதற்கும் ஆமாம் என்றார். மாமா மெதுவாக இரண்டு கையையும் எடுத்தார். ஒரு கையில் குளுக்கோஸ் ஊசி இருந்ததால் அது சரியாகச் சேரவில்லை. ஆனாலும் கும்பிட்டார். அவர் கண்ணில் தண்ணீர் வந்து காதுப் பக்கம் இறங்கியது.

"நாப்பது வருசம் மேடம். நிறுத்து நிறுத்துனு கத்தியிருக்கேன். ஒருத்தன் நிறுத்துனதில்ல. நீங்க, நான் தூங்கிகினு கீறப்ப நிறுத்தியிருக்கீங்க" என்றார்.

டாக்டர் அவருடைய போர்வையைச் சரிசெய்தார். என் கணவர் ஜன்னல் பக்கம் போய்விட்டார். நான் வெளியே வந்து, வராந்தாவில் டாக்டரைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அதுவும் சரியாக வரவில்லை, வார்த்தை குழறியது. "பரவாயில்லைங்க, முடிச்சிட்டு வந்தா எல்லாரும் கும்பிடுவாங்க, நிறுத்திட்டு வந்தா திட்டுதான் கிடைக்கும்" என்று சிரித்துவிட்டு அடுத்த வார்டுக்குப் போனார். இத்தனை வருஷமாக நானும் பிறர் வேலையில் தப்புப் பார்த்துச் சம்பளம் வாங்குகிறவள்தான். நிறுத்துவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் கத்தினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அந்த இரண்டு வாரம் டீச்சர் சொன்னது அத்தனையும் எழுத்துப் பிசகாமல் நடந்தது. மாமா உட்காருவார், எழுந்து ஓடுவார், திரும்பி வந்து உட்காருமுன் மறுபடி ஓடுவார். அத்தை சீரியல் பார்த்தபடியே, "அடுத்த வண்டி கெளம்பிருச்சு" என்பார். மாமா வழியிலிருந்தே முறைப்பார். ஆனால் முனகவில்லை. பட்டாபிராம் கார்டு போன் செய்து, பாதியில் விட்டுவிட்டார்களாமே, அதிர்வலைக்கே போயிருக்கலாம் என்றபோது, "பாதில விடல. நிறுத்தியிருக்காங்க. ரெண்டும் வேற" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

இப்போது மாமாவின் இடது கிட்னி நன்றாக வேலை செய்கிறது. இரண்டாம் தடவை கல்லைப் பொடியாக்கித்தான் எடுத்தார்கள் என்பதால் அதன் சரியான அளவு கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போனது. அது அவருக்கு ஒரு குறைதான். நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட, கல் இருக்கிறது என்று யாரோ ஒருவர் ரிப்போர்ட்டோடு வந்து முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். எந்த ஆபரேஷன் நல்லது என்று அவர் மூன்றாவது தடவையாகக் கேட்கிறார். மாமா அவருக்கு இரண்டாவது சொம்பு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நான் வாசலில் இருக்கிற ஸ்கூட்டியின் சாவியை இப்போதே எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன்.

இதில் என் மனதில் அதிகம் நிற்பது இரண்டாவது ஆபரேஷன் அன்று காலை. பச்சை உடுப்பு மாட்டி, ஸ்ட்ரெச்சரில் தியேட்டர் கதவுவரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டர் முகமூடியோடு வந்து, "ஐயா, இன்னிக்கு ஏதாவது கேக்கணுமா" என்றார். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். சட்டைப் பை இல்லாத உடுப்பு, தாளும் இல்லை, பட்டியலும் இல்லை. "இல்ல மேடம்" என்றார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து, "மாமா, நிஜமாவே ஒண்ணும் கேக்க வேணாமா, அப்புறம் உள்ள போயிட்டு யோசிப்பீங்க" என்றேன். "ஒரு தடவ நிறுத்துனவங்கம்மா. அவங்கள இன்னா கேக்கறது" என்றார். கதவு திறந்தது. ஸ்ட்ரெச்சர் பாதி உள்ளே போயிருக்கும்போது, தள்ளுகிறவரைக் கை காட்டி நிற்கச் சொன்னார். தலையைத் தூக்கி என்னைத் தேடினார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி இதுதான்.

"காலைல இன்னாச்சும் சாப்ட்டியா நீ?"